வராத டைரக்டர்களின் போண்டா

கள்ளக்குறிச்சியில் காந்தம் சார் காந்தம் வைத்துப் பார்க்காத பொருள் என்று ஒன்று இருந்ததே இல்லை. பேருந்து நிலையத்துக் கம்பி, மளிகைக் கடைத் தராசு, கோயில் உண்டியல், என் மூத்த மகளின் ஜியாமெட்ரி பெட்டி, பல் டாக்டர் என் மாமியாருக்குக் கட்டிவிட்ட பல், எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்திருக்கிறார். அவர் கேட்டதும் மாமியார் மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்து காட்டினார். என்னிடம் அந்த வாய் வேறு காரியத்துக்குத்தான் திறக்கும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. மாதாமாதம் ஆபீசில் அதைத் தட்டச்சு செய்தவளே நான்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரருக்கே தெரியாது. "காந்தம் சாரா? மொதல்லியே அப்பிடி கேக்கக்கூடாதா?" என்பார்கள்.

குதிரை லாடம் போல வளைந்த ஒரு காந்தம். அதில் ஒரு கயிறு. தெருவில் நடக்கும்போது அதை நாய்க்குட்டியை இழுத்துப் போவது மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டே போவார். கால் மைல் நடந்து நிற்பார். குனிந்து, ஒட்டியிருக்கிற ஆணி, ஊக்கு, கம்பித் துண்டு எல்லாவற்றையும் வழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். சார் நடந்தால் சட்டைப்பை சலங்கை கட்டின மாதிரி சத்தம் போடும். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும்.

இதில் மனம் நொந்தவர் பஞ்சர் கடை பாய். ஒருநாள் வழிமறித்தே கேட்டுவிட்டார்.

"இன்னா சார், தெனமும் ரோட்ல கீற ஆணியெல்லாம் பொறுக்கிக்கினு போய்ட்டீங்கன்னா நான் எப்பிடி பொழைக்கிறது? என் பொண்டாட்டி புள்ளைங்கள நெனச்சிப் பாக்க வாணாமா?"

சார் பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்துப் பாய் கையில் கொடுத்து, "இதை வேணும்னா நீங்களே போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அதைக் கடை வாசலில் மாட்டி வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார் பாய்.

சிரிக்க முடியாத கதையும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். பெண் வீட்டுச் சீர்வரிசையைக் கூடத்தில் பரப்பி வைத்திருந்தார்கள். பளபளவென்று எவர்சில்வர் அண்டா, குடம், தவலை. காந்தம் சார் மொய் எழுதிவிட்டு நேராகக் கூடத்துக்குப் போய் அண்டாவில் காந்தத்தை வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. குடத்தில் வைத்தார், அதுவும் ஒட்டியது.

"உயர்ந்த ரகம் ஒட்டாது. இது ரெண்டாம் ரகம்" என்றார், பக்கத்தில் நின்றவரிடம், வானிலை சொல்கிற மாதிரி. பக்கத்தில் நின்றவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். அதற்கப்புறம் கூடத்தில் கேட்ட பேச்சை இந்தப் பத்திரிகையில் எழுதினால் ஆசிரியர் எனக்குப் பத்தி தரமாட்டார். தாலி கட்ட ஒரு முகூர்த்தம் தள்ளிப்போனது. அன்றிலிருந்து ஊரில் யாரும் அவருக்குக் கல்யாணப் பத்திரிகை வைப்பதில்லை. சாருக்கு ஏனென்று விளங்கவே இல்லை. "ஆவணி மாசம் இத்தனை மேளச் சத்தம் கேக்குது, எனக்கு ஒரு பத்திரிகைகூட வரலையே மேடம்?" என்று என்னிடம் கேட்டார். என்னவென்று சொல்வது? முகூர்த்தம் கம்மியாம் சார் என்று சொல்லி வைத்தேன்.

இவர் எப்படிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கல்வராயன் மலை ஓடைகளில் மழை நின்றபின் போய்ப் பார்த்தால், மணலுக்கு நடுவே மை தீட்டின மாதிரி கறுப்புக் கோடு ஓடும். அது இரும்புத் தாது. வெறும் மணலிலிருந்து அந்தக் கறுப்பைத் தனியே பிரித்தால் காசு. பிரிக்கிற இயந்திரங்கள் எல்லாம் தண்ணீரைக் குடிக்கும். எங்கள் ஊரில் மனிதர்களுக்கே தண்ணீர் லாரி எட்டிப் பார்ப்பதில்லை. சார் வடக்கே ஏதோ சுரங்கங்களில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிரிக்கிற இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். ஒரு பெரிய உருளை, அதற்குள் காந்தம். மேலேயிருந்து மணலைக் கொட்டினால் வெள்ளை மணல் முன்பெட்டியில் விழும். கறுப்பு உருளையோடு ஒட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிப் போய்ப் பின்பெட்டியில் விழும். அவ்வளவுதான்.

இயந்திரம் சாரிடம் இருந்தது, பணம் மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனியிடம் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கூட்டுக் கம்பெனி தொடங்கினார்கள். கூட்டுக் கம்பெனி தன் கையால் எதையும் செய்யாதாம். செய்வதற்கென்று அதற்குக் கீழே இன்னொரு கம்பெனி, இயக்கும் கம்பெனி. கச்சிராயபாளையம் போகிற சாலையில் ஓடாமல் கிடந்த ஒரு அரிசி ஆலையில் அதற்குப் பலகை மாட்டினார்கள். அந்த இயக்கும் கம்பெனியில் இயங்கியவர்கள் மூன்று பேர். நிர்வாக இயக்குநர் காந்தம் சார். தட்டச்சு, கணக்கு, ஸ்டோர், டெலிபோன், எல்லாம் நான். காவலாளி ஏழுமலை.

ஒப்பந்தத்தை நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது ஏழுமலை பக்கத்தில் வந்து நின்றார்.

"இது இன்னா மேடம், ஒரு கம்பெனிக்குள்ள இன்னொரு கம்பெனி?"

எனக்குப் புரிந்ததைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அதாவது நெலம் ஒருத்தருது, வெத ஒருத்தருது. ரெண்டு பேரும் கூட்டு. ஏர் புடிக்கறது மட்டும் நம்ப."

"அதேதான்."

"வெளஞ்சா அவங்களுக்கு. வெளயலன்னா நம்ப தலையில. களமருதூர்ல எங்க மாமனாரு காலங்காலமா இப்பிடித்தான் பயிர் வெக்கிறாரு. இதுக்கா மேடம் இத்தினி பக்கம் டைப் அடிச்சிக்கினு கீறீங்க?"

இயக்கும் கம்பெனிக்கு மூன்று டைரக்டர்கள். சார் ஒருவர், மெட்ராஸ்காரர்கள் இருவர். மாதம் ஒருமுறை போர்டு மீட்டிங் நடக்க வேண்டும். சாரைத் தவிர இன்னொருவராவது வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். மெட்ராஸ்காரர்கள் ஒருமுறைகூட வந்ததில்லை. அதற்காகக் காந்தம் சார் மீட்டிங்கை விட்டுவிடுவாரா?

மீட்டிங் அன்று காலையில் சவரம் செய்து, சட்டைப்பை ஆணிகளையெல்லாம் டப்பாவில் கொட்டிவிட்டு வருவார். முன்பு நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி. எதிர் டீக்கடையிலிருந்து போண்டா வரும். டைரக்டருக்கு ஒன்று வீதம் மூன்று, எனக்கு ஒன்று. ஒவ்வொரு காலி நாற்காலிக்கு எதிரிலும் ஒரு தட்டு, ஒரு போண்டா, ஒரு டீ. சார் எழுந்து நின்று காலி நாற்காலிகளைப் பார்த்து வணக்கம் சொல்வார். இயந்திரம் எப்படி ஓடுகிறது, மின்சாரம் எவ்வளவு ஆகிறது, மலையில் எந்தெந்த ஓடையில் கறுப்பு ஜாஸ்தி, எல்லாவற்றையும் அந்த நாற்காலிகளுக்கு விளக்குவார். நடுவில் நிறுத்தி, கேள்வி ஏதாவது உண்டா என்று பார்ப்பார். இருக்காது. கடைசியில், கோரம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று சொல்லி உட்காருவார். நான் எழுதிக்கொள்வேன்.

வெளியே ஏழுமலை இதற்காகவே காத்திருப்பார். கூட்டம் ஒத்திவைக்கப்பட்ட மறுநிமிடம் டைரக்டர்களின் போண்டாக்கள் இரண்டும் அவருக்கு. "அடுத்த மீட்டிங்கு எப்ப மேடம்?" என்று மாதம் பிறந்ததும் கேட்கிற ஒரே ஊழியர் உலகத்திலேயே அவராகத்தான் இருப்பார்.

எனக்கு ஆரம்பத்தில் சிரிப்பை அடக்க முடியாது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குறிப்பெடுப்பேன். நாலைந்து கூட்டங்களுக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. அவரைப் போலத் தனியாக இருந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்கு வந்துவிடுவார். ஏன் சார் என்றால், "வீட்டுல பேச்சுத்துணைக்கு ஒரு கடிகாரம்தான் இருக்கு மேடம், அதுவும் போன மாசம் நின்னுடுச்சு" என்பார்.

தினமும் சாயங்காலம் இயந்திரத்தை ஒருமுறை ஓட்டுவார். என்னையும் ஏழுமலையையும் கூப்பிட்டு நிறுத்துவார். கறுப்பு பின்னால், வெள்ளை முன்னால். நாங்கள் தலையை ஆட்டுவோம். "நல்லா பிரிக்குது சார்" என்று ஒருநாள் நான் மனதாரச் சொன்னேன்.

"நீங்க சொன்னா செல்லாது மேடம். சம்பளம் வாங்கறவங்க பாத்தா அது பாத்த கணக்குல வராது. வெளி ஆள் ஒருத்தர் பாக்கணும். பாத்து, ஆமா பிரிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லணும். இத்தனை வருஷத்துல அப்படி ஒருத்தர் வரலை."

ஒப்பந்தத்திலும் ஏறக்குறைய அதுதான் இருந்தது. மலை மணலை இயந்திரத்தில் ஓட்டுவதை மெட்ராஸ் கம்பெனியின் ஆபீசர் நேரில் வந்து பார்க்க வேண்டும். அவர் சரி என்றால் மலையடிவாரத்தில் பெரிய இயந்திரங்கள் வரும். இல்லை என்றால் கூட்டு கலையும். மேலே கூட்டு கலைந்தால் கீழே நாங்கள் மூன்று பேரும் இயங்க முடியாது.

இதெல்லாம் நடந்தது எங்கள் பக்கத்தில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில். படிப்பிலும் வேலையிலும் தங்களுக்கு உரிய பங்கு வேண்டும் என்று கேட்டு ஜனங்கள் சாலைக்கு வந்திருந்தார்கள். மறியல் என்றால் லேசான மறியல் இல்லை. புளிய மரங்களை வெட்டிச் சாலையில் குறுக்கே போட்டுவிடுவார்கள், நாள் கணக்கில் பஸ் வராது. யார் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளாமல் டீகூட வாங்கிக் கொடுக்க மாட்டார்கள். சார் சாப்பிடுகிற மெஸ்ஸின் முதலாளி ஒருநாள் சாம்பாரை ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். நீங்க இன்னா ஆளுங்க?"

சார் காந்தத்தை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். கையை எடுத்தார். காந்தம் மடியில் விழுந்தது.

"ஒட்டாத ஆளுங்க" என்றார்.

மெஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்தபின், இவர் நம்மவர் இல்லை என்று எல்லாப் பக்கமும் முடிவு செய்துவிட்டது. அதன்பிறகு அவர் உட்கார்ந்த மேஜையில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டிலும் அவருக்கு எதிரே காலி நாற்காலிகள்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீசர் வரப்போகிறார் என்று மெட்ராஸிலிருந்து தகவல் வந்தது. சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜீப் பிடித்து ஏழுமலையோடு மலைக்குப் போனார். கரியாலூர் போகிற வழியில் ஓர் ஓடைக்கரை ஊர். அங்கே சின்னப்பொண்ணு என்ற பெண்ணிடமும் அவள் நாத்தனாரிடமும் கோணிகளைக் கொடுத்து, கறுப்புக் கோடு தெரிகிற இடத்தில் மணலை அள்ளி மூட்டை கட்டி வைக்கச் சொல்லிவிட்டு வந்தார். ஆபீசர் வருவதற்கு முதல் நாள் ஜீப் போய் மூட்டைகளை இறக்கிக்கொண்டு வந்தது. கோணி வாய் அழகாகத் தைத்திருந்தது. பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "தொடாதீங்க மேடம்! ஆபீசர் எதிர்லதான் பிரிக்கணும். நாளைக்கு ஒரு சந்தேகம் வரக்கூடாது" என்றார்.

ஆபீசர் வந்தார். சட்டைக் காலரில் கைக்குட்டை சொருகியவர். காரை விட்டு இறங்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் முதல் மறியல் என்று வழியெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சார் அவரை மீட்டிங் அறைக்குக் கூட்டிப் போய் உட்காரவைத்தார். ஒரு காலி நாற்காலியில் முதன்முதலாக ஓர் உயிர் உட்கார்ந்தது. அந்த உயிர் இரண்டு போண்டாவையும் தின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஏழுமலையின் முகம் சுண்டிப்போனது.

பிறகு மூட்டையைப் பிரித்தார்கள்.

நான் எட்டிப் பார்த்தேன். மணல் மையைப் போலக் கறுத்திருந்தது. ஒரு வெள்ளைப் பொடி இல்லை. சார் கையை விட்டுக் கிளறினார், அடிவரைக்கும் கறுப்பு. அடுத்த மூட்டையும் அப்படியே. அவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஏழுமலைதான் முதலில் புரிந்துகொண்டார். என் காதருகே வந்து சொன்னார்: "பொடச்சி குடுத்துட்டாளுங்க மேடம்."

மலையில் சாமையோ தினையோ, ஒருத்தருக்குக் கொடுப்பதென்றால் புடைத்து, கல் பொறுக்கி, சுத்தம் செய்துதான் கொடுப்பார்கள். தூசியும் தும்புமாக அடுத்தவர் கையில் கொடுப்பது அவர்களுக்கு அவமானம். அதுவும் சார் ஜீப்பில் வந்து மரியாதையாகக் கேட்ட மணல். முறத்தில் போட்டு ஓடைத் தண்ணீரில் அலசி அலசி, வெள்ளை மணலையெல்லாம் கழித்துவிட்டு, கறுப்பை மட்டும் காயவைத்து மூட்டை கட்டியிருக்கிறார்கள். எத்தனை நாள் உட்கார்ந்து செய்தார்களோ!

இயந்திரம் ஓடியது. மேலே கறுப்பைக் கொட்டினார்கள். பின்பெட்டியில் கறுப்பு விழுந்தது. முன்பெட்டியில் உள்ளங்கை அளவு கூட விழவில்லை. ஆபீசர் குனிந்து பார்த்தார்.

"என்ன சார் இது? கறுப்பைப் போட்டீங்க, கறுப்பு வருது. நடுவுல உங்க மெஷின் என்ன பண்ணுச்சு?"

"மணல் கொஞ்சம் சுத்தமா வந்துடுச்சு சார்."

"சுத்தமாவே வரும்னா மெஷின் எதுக்கு?"

ஏழுமலைக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் இரண்டு பக்கெட் அள்ளிவந்து கறுப்பின்மேல் கொட்டி, மண்வெட்டியால் புரட்டிப் புரட்டிக் கலந்தார். "இப்ப வுடுங்க சார், நம்ப மெஷினு இன்னா பண்ணுதுன்னு ஐயா பாக்கட்டும்!" என்றார். விட்டார்கள். அப்படி ஒரு பிரிப்பை அந்த இயந்திரம் அதற்கு முன் செய்ததில்லை. கறுப்பு தனி, வெள்ளை தனி. நான் கைதட்டியேவிட்டேன்.

ஆபீசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்களே கலக்குறீங்க, நீங்களே பிரிக்கிறீங்க. இதைப் போய் மெட்ராஸ்ல நான் என்னன்னு சொல்றது?"

நானாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். சார் தரையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க சொல்றது சரிதான்" என்றார். பிறகு, இன்னும் இரண்டு நாள் தங்கினால் மலைக்குப் போய் வேறு மணல் கொண்டுவருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். இருட்டுவதற்குள் விழுப்புரம் தாண்டாவிட்டால் தன் பாடு திண்டாட்டம் என்று ஆபீசர் காரில் ஏறிவிட்டார். கார் கிளப்பிய தூசி அடங்கும்வரை சார் வாசலிலேயே நின்றார்.

"மெஷினு போனாகூட போவுது மேடம்" என்றார் ஏழுமலை. "ரெண்டு போண்டாவையும் ஒருத்தரே துன்னுட்டாரு பாத்தீங்களா? அப்பவே தெரியும் எனக்கு, இந்த ஆளு வெளங்கமாட்டான்னு."

மறுநாள் மரங்கள் விழுந்தன. பஸ் இல்லை. சாலையில் இவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. சந்தை மட்டும் எப்படியோ கூடியது. மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்திருந்த ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு ஏழுமலை கத்தித் தீர்த்துவிட்டு வந்தார். வந்து பெருமையாகச் சாரிடமும் சொன்னார். சார் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"அவங்களை ஏன்யா திட்டினே? அழுக்கா குடுக்க மனசு வராம, உக்காந்து உக்காந்து சுத்தம் பண்ணிக் குடுத்திருக்காங்க. இந்த வயசுவரைக்கும் எனக்குன்னு யாருய்யா எதையாவது சுத்தம் பண்ணிக் குடுத்திருக்காங்க?"

நான் டைப்ரைட்டரில் காகிதம் இல்லாமலே எதையோ தட்டினேன்.

அடுத்த நாள் மெட்ராஸிலிருந்து டிரங்க் கால். கூட்டுக் கம்பெனி கலைகிறது. இயக்கும் கம்பெனியும் ஒரு கூட்டம் போட்டுத் தன்னை மூடிக்கொள்ளத் தீர்மானம் போட வேண்டும். சார் போனை வைத்துவிட்டு, "நாளைக்குக் கடைசி மீட்டிங் மேடம்" என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை.

கடைசி மீட்டிங்குக்கும் சவரம் செய்துகொண்டு வந்தார். டீக்கடை மறியலுக்காகச் சாத்தியிருந்தது. ஏழுமலை பின்பக்கமாகப் போய்க் கெஞ்சியதில், கடைக்காரர் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு சுட்டுக் கொடுத்தார். மூன்று நாற்காலி, காலி நாற்காலிகளுக்கு எதிரில் தட்டுகளில் போண்டா. சார் எழுந்து நாற்காலிகளுக்கு வணக்கம் சொன்னார். மேலே பேச்சு வரவில்லை. அந்த வெறும் அறையில் அவர் அப்படி நின்றது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

வாசலில் குரல் கேட்டது.

"சாமி இருக்குறாரா?"

சின்னப்பொண்ணும் அவள் நாத்தனாரும். தலையில் ஆளுக்கொரு கூடை. மலைப் பாதையில் இறங்கி, வெட்டிப் போட்ட மரங்களையெல்லாம் தாண்டி, கச்சிராயபாளையத்திலிருந்து சாலையிலேயே நடந்து வந்திருக்கிறார்கள். கூடையை இறக்கிவைத்தார்கள். ஈர மணல். அதில் இலை, வேர், நத்தை ஓடு, எல்லாம்.

"எங்க ஆளுகிட்ட சந்தையில சொன்னீங்களாம்" என்றாள் சின்னப்பொண்ணு. "நாங்க பொடச்சி குடுத்து உங்க சோலி கெட்டுப்போச்சாம். எங்களுக்கு என்னா தெரியும்? இந்தாங்க, அள்ளுனது அள்ளுன மாரியே இருக்குது. சலிக்கல, அலசல. ஒரு எலகூட பொறுக்கல. இப்பிடி கொண்ணாந்து குடுக்க எங்களுக்கே வெக்கமாத்தான் இருக்குது."

சார் கூடையருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அழுக்கு மணலை இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தார். யாரும் தங்கக் கட்டியை அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

பார்க்க வேண்டிய ஆபீசர் போய்விட்டார், கம்பெனியே மூடப்போகிறது என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஈரம் காய்ந்தால்தான் இயந்திரம் ஏற்கும். நெல் காயவைக்கிற களத்தில் ஏழுமலை மணலைப் பரப்பினார். சார் அந்தப் பெண்களை மீட்டிங் அறைக்குக் கூட்டி வந்து நாற்காலியைக் காட்டினார். அவர்கள் தரையில் உட்காரப் போனார்கள்.

"கீழ உக்காரக்கூடாதும்மா. நாற்காலியில உக்காந்தாத்தான் கூட்டம் செல்லும்."

"நாங்க எதுக்கு சாமி கூட்டத்துக்கு?"

"உக்காருங்கம்மா" என்றேன் நான். "ரொம்ப நாளா காலியாவே கெடக்குது."

உட்கார்ந்தார்கள். நாற்காலி விளிம்பில்தான். போண்டாவைச் சின்னப்பொண்ணு எடுத்துப் பிட்டு, பாதியை மடியில் முடிந்துகொண்டாள், வீட்டில் இருக்கிறவர்களுக்கு. சார் நின்றபடி எப்போதும் போல எல்லாவற்றையும் விளக்கினார். கேள்வி உண்டா என்று நிறுத்தினார். இந்தத் தடவை கேள்வி வந்தது. "அந்த மெசினு சாமை பொடைக்குமா?" என்று நாத்தனார் கேட்டாள். மாட்டாது என்று சார் ஒத்துக்கொண்டார். "கோரம் உண்டு, எழுதுங்க மேடம்" என்றார் என்னிடம். எழுதினேன்.

வெயில் தாழும்போது மணல் காய்ந்திருந்தது. சார் சுவிட்சைப் போட்டார். உருளை கடகடவென்று சுற்றியது. இலையும் வேருமாக இருந்த மணலைச் சின்னப்பொண்ணே மேலே கொட்டினாள். வெள்ளை முன்பெட்டியில் விழுந்தது. கறுப்பு உருளையோடு ஒட்டிக்கொண்டு போய்ப் பின்பெட்டியில் விழுந்தது.

"யம்மாடி, பிரிக்குது!" என்றாள்.

சார் இதைக் கேட்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர்களுக்கு ஒருமுறை பார்த்துப் போதவில்லை. நாத்தனார் இரண்டு பெட்டியையும் தரையில் கவிழ்த்து, இரண்டு கையாலும் பிசைந்து கலந்தாள். "இப்ப பிரி பாக்கலாம்!" என்று இயந்திரத்துக்கே சவால் விட்டாள். பிரித்தது. சின்னப்பொண்ணு கலந்தாள். மறுபடியும் பிரித்தது. ஏழுமலை கலந்தார். கடைசியில் நானும் புடவையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்து கலந்தேன். எல்லோரும் சிரித்தோம். சாரும் சிரித்தார். அவர் பல்லை நான் பார்த்தது அன்றுதான்.

சின்னப்பொண்ணு முன்பெட்டியில் கையை விட்டு வெள்ளை மணலை அளைந்துகொண்டே கேட்டாள்:

"இத மட்டும் ஏன் சாமி அது சேத்துக்கல?"

"அது ஒட்டாத ரகம்மா."

"ஒட்டாங்காட்டி என்னா? அதுங்களும் எல்லாம் ஒண்ணாதானே கெடக்குதுங்க, ஒரு பொட்டியில."

சார் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாலையில் மரங்களை அகற்றி முதல் பஸ் ஓடிய அன்று அவர் ஊரைவிட்டுப் போனார். ஒரு பெட்டி, ஒரு பை, கயிறு சுற்றிய காந்தம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதற்கு வடக்கே என்று மட்டும் சொன்னார். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. இயந்திரத்தை மெட்ராஸ்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதை எங்கேயாவது யாராவது ஓட்டிப் பார்த்தார்களோ, தெரியாது. பஞ்சர் கடை பாய்க்கு வியாபாரம் பெருகியது. "பஞ்சர் ஜாஸ்திதான்மா" என்றார் என்னைப் பார்த்தபோது. "ஆனா இன்னாவோ, ரோடே வெறிச்சின்னு கீது." கடை வாசலில் அந்த ஆணி அப்படியே மாட்டியிருந்தது.

இப்போதும் எங்கள் வீட்டில் போண்டா வாங்கினால், இருக்கிற ஆட்களைவிட இரண்டு கூடுதலாகத்தான் வாங்குகிறேன். யாருக்கு என்று கேட்டு அலுத்து என் கணவர் கேட்பதை விட்டுவிட்டார். வராதவர்களுக்கும் தட்டு வைக்கிறது காந்தம் சாருடைய பழக்கம். அது என்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு தட்டு அவருக்கு. இன்னொன்று, அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்பதற்காக.